பெட்டி கட்டிய கமிட்டி

பெரியதாழையில் ஒரு மனுசன் நடுக்கடலுக்குக் கிளம்ப அரைமணி நேரம் போதும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வாசலில் நின்று காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பார். கச்சானா, கொண்டலா, வாடையா என்று முகத்துக்கே தெரிந்துவிடும். ஒரு வாய் கடுங்காப்பி, தூக்குவாளியில் சோறு, கேனில் தண்ணீர், மண்ணெண்ணெய், கையில் அடங்குகிற ஜிபிஎஸ். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு படகைத் தள்ளிவிடுவார். எங்கே போகிறாய், யாரோடு தங்குவாய், அங்கே தண்ணீர் வசதி எப்படி, பக்கத்தில் ஆஸ்பத்திரி உண்டா என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

இப்படிச் சின்ன வயதிலிருந்து கிளம்பிப் போய்த் திரும்பிக்கொண்டிருப்பவர் எங்கள் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர். அவருடைய மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தபோது, அவளை அனுப்ப நாங்கள் எல்லாரும் சேர்ந்து போட்ட திட்டம் இருக்கிறதே, ஐந்தாண்டுத் திட்டம் போட்டவர்கள் உயிரோடு இருந்தால் வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

பிள்ளை பி.காம். படித்தவள். துரைப்பாக்கம் பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் வேலை. செய்தி அவள் போனில் வந்து விழுந்த நேரம், அக்கா முற்றத்தில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, வேலை கிடைச்சிட்டு, மெட்ராஸ்ல" என்று சொன்னாளாம். அக்கா காக்காயை விரட்டிக்கொண்டிருந்த கம்பைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள். நான் தூத்துக்குடியில் வேலை பார்க்கிறேன். எப்போதாவது ஆபீஸ் விஷயமாகச் சென்னை போய் வருவேன். அந்த ஒரே தகுதியில் எனக்குக் கமிட்டியில் இடம் கிடைத்தது.

கமிட்டி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அக்கா வீட்டுத் திண்ணையில் கூடும். எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஆகவே அன்றைக்கு ஊர் முழுக்க ஆண்கள் கையில் வேலையில்லாமல், வாயில் யோசனையோடு இருப்பார்கள். யாருக்கும் அழைப்பு கிடையாது. இட்லி வேகிற வாசனைதான் அழைப்பு.

முதல் உறுப்பினர் எங்கள் அம்மா, பிள்ளைக்கு ஆச்சி. அடுத்தவர் பிள்ளையின் பெரியப்பா. சரக்குக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராட்டர்டாமில் எந்தச் சந்தில் நல்ல காப்பி கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். சென்னையில் அவருக்குத் தெரிந்தது துறைமுகக் கேட்டும் அதைச் சுற்றியுள்ள மண்ணடி, பாரிமுனை, ராயபுரமும்தான். முதல் கூட்டத்திலேயே ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் சென்னை வரைபடம் வரைந்து காட்டினார். பாதித் தாளுக்குக் கப்பல் நின்றது. துரைப்பாக்கம் எங்கே என்று கேட்டோம். தாளுக்கு வெளியே திண்ணையில் ஒரு புள்ளி வைத்து, "இங்கன வரும். ஆனா அது மெட்ராஸ் இல்ல கேட்டியா, மகாபலிபுரம்" என்றார்.

மூன்றாவது, கொழும்புத் தாத்தா. எங்கள் கரைக்குப் பெரிய பட்டணம் என்றால் ரொம்ப காலம் கொழும்புதான். மெட்ராஸ் எல்லாம் பிறகு வந்தது. தூத்துக்குடியிலிருந்து தோணிகள் சரக்கேற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும். ஆட்கள் மண்டபம் காம்பில் ஊசி போட்டுக்கொண்டு, தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்குவார்கள். 1914-இல் தொடங்கிய அந்தப் பாதையை 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியோடு சேர்த்து விழுங்கிவிட்டது. தாத்தா அதற்குமுன் சின்னப் பையனாகப் போய், அங்கே ஒரு கடையில் பொட்டலம் மடித்தவர். அவர் திட்டம் எளிமையானது.

"ஒரு தகரப்பெட்டி. ஒரு கடுதாசி. கொழும்புல இறங்கினா நேரே கொச்சிக்கடை அந்தோணியார் கோயில் வாசலுக்குப் போயிரணும். நம்ம ஊர்க்காரன் எவனாவது நிப்பான். கூட்டிட்டுப் போயிருவான். மெட்ராஸ்ல அப்படி எந்தக் கோயில் வாசல்?"

"தாத்தா, இப்ப வாட்ஸப் குரூப் இருக்கு. நம்ம ஊர்ப் பிள்ளைக முப்பது பேரு இருக்காங்க" என்றாள் பிள்ளை.

"இருக்கட்டும். வாசல் எங்க இருக்கு?"

அவளால் பதில் சொல்ல முடியவில்லை. கமிட்டி இதை ஒரு குறையாகவே பதிவு செய்துகொண்டது.

நான்காவது, பக்கத்து வீட்டுத் தம்பி. சென்னையில் மளிகைக் கடையில் நின்று, காசு சேர்த்து, ஊருக்கு வந்து கடை போட்டவன். இருப்பவர்களில் அவனுக்குத்தான் சென்னை உண்மையாகவே தெரியும் என்று நினைத்திருந்தோம். "கோயம்பேட்டுல இறங்கு. இறங்கின உடனே ஆட்டோக்காரன் மூஞ்சியைப் பாக்காத. நேரே வெளிய வா…" என்று ஆரம்பித்தான். இந்தப் பக்கத்துப் பஸ்களெல்லாம் இப்போது கோயம்பேட்டுக்குப் போவதில்லை, 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் புது முனையம் திறந்து, தென்மாவட்டத்துப் பஸ்களை அங்கேயே நிறுத்திவிட்டார்கள் என்று பிள்ளை சொன்னாள். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால், தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றியிருக்கலாமே என்று அரசாங்கத்தின் மேல் வருத்தப்படுகிறான் என்று தெரிந்தது. கிளாம்பாக்கம் எங்கே என்று பெரியப்பாவிடம் கேட்டோம். திண்ணையை விட்டு இறங்கி, முற்றத்தில் போய் ஒரு புள்ளி வைத்தார்.

பஸ் வேண்டாம், ரயில் என்று முடிவானது. அதிலும் இரண்டு கட்சி. தூத்துக்குடியிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ். திருச்செந்தூரிலிருந்து செந்தூர் எக்ஸ்பிரஸ். எங்களுக்குத் திருச்செந்தூர்தான் பக்கம். ஆனால் ஆச்சி செந்தூர் எக்ஸ்பிரஸ் என்ற பேரைக் கேட்டதுமே கையை உயர்த்திவிட்டாள். 2023 டிசம்பர் 17-ஆம் தேதி ராத்திரி திருச்செந்தூரில் கிளம்பிய அந்த ரயில் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிய வெள்ளம் அது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. நூற்றுக்கணக்கான பயணிகள் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே இரண்டு ராத்திரி கிடந்தார்கள். சுற்றியிருந்த ஊர்க்காரர்கள்தான் வீட்டில் இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள்.

"ஊர்க்காரங்க சோறு போட்டாங்கல்லா ஆச்சி, அப்புறம் என்ன?" என்றாள் பிள்ளை.

"ஸ்ரீவைகுண்டத்துல போட்டான். விழுப்புரத்துல எவன் போடுவான்?"

முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஜெயித்தது. எந்தத் தேதிக்கு டிக்கெட் என்பது அடுத்த விவாதம். ரயில்வேக்காரர்கள் 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். மக்கள் நாலு மாதம் முன்னாலேயே திட்டம் போட்டுவிட்டுக் கடைசியில் ரத்து செய்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். எங்கள் திண்ணையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நடுவில் ஒரு ஞாயிறு, அவளைப் போகவே வேண்டாம் என்று சொல்ல ஓர் அணி புறப்பட்டது. தலைமை பெரியப்பா. அவர் வாதத்துக்கு வலு சேர்த்தது இஸ்ரோ. எங்களுக்குப் பக்கத்துப் படுக்கப்பத்து, மாதவன்குறிச்சி, பள்ளக்குறிச்சிப் பக்கமாக இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் எடுத்து, குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் கட்டுகிறார்கள். 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே அனுப்புகிற ராக்கெட் இலங்கைக்கு மேலே போய்விடாமல் ஒதுங்கி வளைந்து போக வேண்டும். அதில் எரிபொருள் வீணாகிறது. எங்கள் கரையிலிருந்து விட்டால் முன்னால் வெறும் கடல். நேரே தெற்கே போய்க்கொண்டே இருக்கலாம். சின்ன ராக்கெட்டுக்கு இது பெரிய லாபம்.

பெரியப்பா இதையெல்லாம் விளக்கிவிட்டு, வெற்றிப் பார்வையோடு கேட்டார்: "ஸ்ரீஹரிகோட்டாக்காரனே நம்ம ஊரைத் தேடி வாறான். நீ ஏம்மா அங்க போற?"

"பெரியப்பா, ராக்கெட்டும் இங்க இருக்கதுக்கு வரலையே. இங்கன இருந்து கிளம்பதுக்குத்தான வருது."

அத்தான் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தார். அதுவரைக்கும் கூட்டங்களில் அவர் வாயே திறந்ததில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கிழிந்த வலையை மடியில் போட்டு, ஊசியால் கண் கண்ணாகப் பொத்திக்கொண்டிருப்பார். இவருக்கு இந்த விஷயத்தில் அக்கறையே இல்லை என்று அக்கா என்னிடம் தனியாகக் குறைபட்டுக்கொண்டாள்.

கிளம்ப இவ்வளவு யோசனை தேவையில்லை என்று காட்ட, புனித சவேரியாரைக் கமிட்டிக்குள் கொண்டுவந்தவன் நான். 1540 மார்ச்சில், ரோமாபுரியில், போர்ச்சுகல் தூதரோடு இந்தியாவுக்குக் கிளம்ப வேண்டியவர் பொபடில்லா என்ற இன்னொருவர். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் சவேரியாரைக் கூப்பிட்டு நீர் போகிறீரா என்று கேட்டார். சரி என்றார். கிழிந்த கால்சட்டையைத் தைத்துக்கொண்டார். மறுநாள் கிளம்பிவிட்டார். அவ்வளவுதான் ஏற்பாடு! லிஸ்பனில் ராஜா சாமான்களும் வேலையாளும் தருகிறேன் என்றதற்கு, சில புத்தகங்களும் குளிருக்கு முரட்டுத் துணியும் போதும் என்றுவிட்டார். 1541 ஏப்ரல் 7, தன் முப்பத்தைந்தாவது பிறந்தநாளில் கப்பலேறினார். கோவாவில் இறங்கியபோது அடுத்த வருசம் மே மாதம். அந்த வருசமே எங்கள் கரைக்கு வந்து, மணப்பாட்டுக் குகையில் தங்கி, ஊர் ஊராக மணலில் நடந்தார்.

அதோடு நிறுத்தாமல் இன்னொன்றும் சொன்னேன். எங்கள் கரையில் நடமாடிவிட்டுச் சென்னைக்குப் போய்த் தங்கியவர்களில் எனக்குப் பேர் தெரிந்த மூத்தவர் அவர்தான். 1545-இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, எதிர்காற்றில் திரும்பி வந்து, பிறகு மயிலாப்பூருக்கு நடந்தே போனார். தோமையார் கல்லறைப் பக்கத்தில், பங்குச் சாமியார் வீட்டில் நாலு மாதம் இருந்தார். முன்பணம் கொடுத்ததாகக் குறிப்பு இல்லை. பிறகு அங்கிருந்து மலாக்கா போய்விட்டார். சென்னைக்குப் போகிறவர்கள் அடுத்து வெளிநாட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்று இப்போது பெற்றோர்கள் புலம்புவது ஐந்நூறு வருசத்துப் பழக்கம்.

இவ்வளவும் நான் சொல்லி முடிக்க, ஆச்சி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டாள்: "சவேரியார் கிளம்பும்போது அவுங்க அம்மா உயிரோட இருந்தாளா?"

இல்லை. 1529-லேயே இறந்துவிட்டார்கள்.

"அதான் கிளம்பிட்டார்" என்றாள் ஆச்சி.

பேச்சு வீட்டு வாடகைக்குத் திரும்பியது. சின்னதாக ஒரு வீடு பிடித்து ஆச்சியைத் துணைக்கு அனுப்பலாம் என்பது அக்காவின் ஆசை. விசாரித்தோம். பத்து மாத வாடகை முன்பணம் என்றார்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-இல் வந்து 2019-இல் நடைமுறைக்கும் வந்தது. அதன்படி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது, இருவரும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய. அந்த 'ஒழிய'வில்தான் சென்னை வீட்டுக்காரர்கள் குடியிருக்கிறார்கள். கையில் கிடைத்த நல்ல வீடுகள் இரண்டுக்கும் இன்னொரு நிபந்தனையும் இருந்தது: சைவம் மட்டும். அக்காவுக்கு அது ஏதோ சமையல் குறிப்பு என்றே பட்டிருக்கிறது. "வெள்ளிக்கிழமை மட்டுமா?" என்று கேட்டாள். எப்போதுமே என்றதும், "அப்ப அவுங்க என்னதான் சாப்பிடுவாங்க?" என்று உண்மையான கவலையோடு கேட்டாள். தவக்காலத்து வெள்ளிக்கிழமை இறைச்சியை விட்டாலும் மீன் உண்டு என்ற ஏற்பாட்டில் வளர்ந்தவள். அதற்கு மேலான விரதத்தை அவளால் கற்பனை செய்ய முடியவில்லை.

அப்புறம் தண்ணீர். ஆச்சிக்குச் சென்னையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் டிவி செய்தியில் பார்த்தது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகனில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு சென்னைக்கு ரயில் போனதைப் பார்த்திருக்கிறாள். 2015-லும் 2023-லும் அதே சென்னையில் வீட்டுக்குள் படகு போனதையும் பார்த்திருக்கிறாள். "ஒரு வருசம் குடிக்கத் தண்ணி இல்லைங்கான், ஒரு வருசம் மாடி வரைக்கும் தண்ணிங்கான். பிள்ளைக்குக் குடத்தைக் குடுத்துவிடவா, படகைக் குடுத்துவிடவா?" என்று கேட்டாள். கொழும்புத் தாத்தா படகு என்றார். பெரியப்பா குடம் என்றார். வாக்கெடுப்பு வரைக்கும் போனது.

இந்தச் சமயத்தில்தான் பிள்ளை ஒன்றைப் போட்டு உடைத்தாள். தங்க இடம் பார்த்தாகிவிட்டது. உவரியைச் சேர்ந்த ஓர் அக்கா, கல்லூரியில் இவளுக்கு இரண்டு வருசம் மூத்தவள், தங்கியிருக்கும் பெண்கள் விடுதியில் மூன்று பேர் இருக்கும் அறையில் ஒரு கட்டில். ஆபீசுக்குப் பஸ். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பெசன்ட் நகர் மாதா கோயில். முன்பணம் கட்டியாகிவிட்டது.

"கட்டியாச்சா? யாரு கட்டினா?"

அத்தான் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான்தான் போட்டுவிட்டேன். வேலை வந்த மறுநாளே" என்றார்.

வேலை கிடைத்த அன்றைக்கு ராத்திரியே இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். உவரிப் பிள்ளைக்குப் போன் போட்டிருக்கிறார்கள். ஆபீஸ் எங்கே, அறை எங்கே, நடுவில் எவ்வளவு தூரம், ராத்திரி கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று அத்தான் நாலு கேள்வி கேட்டிருக்கிறார். மொத்தம் அரைமணி நேரம் ஆகியிருக்கும். ரயில் டிக்கெட் கூட எடுத்து வைத்திருந்தார்கள், முத்துநகரில்தான். நாங்கள் விவாதித்து விவாதித்து அந்த ரயிலுக்கே வந்து சேர்ந்ததில் அத்தானுக்கு ரொம்பத் திருப்தி.

"அப்ப இத்தனை ஞாயிறு நாங்க இங்கன என்னத்த பேசிட்டிருந்தோம்?" என்றார் பெரியப்பா.

"உங்களுக்கு ஆசை இருக்கும்லா அண்ணே. பேசட்டும்னு விட்டேன்."

கமிட்டி கலைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஒரு நிமிசம் அமைதியாக இருந்துவிட்டு, ஆச்சி அடுத்த பொருளுக்குப் போனாள்: பெட்டியில் என்ன வைப்பது. இந்த விஷயத்தில் அத்தானும் பிள்ளையும் முன்கூட்டி எதுவும் செய்துவிட முடியவில்லை. இழந்த அதிகாரத்தை எல்லாம் கமிட்டி ஒரே பெட்டியில் மீட்டுக்கொண்டது.

துணிமணிக்கு அவளே ஒரு டிராலி வைத்திருந்தாள். அதை யாரும் மதிக்கவில்லை. ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. அடியில் உடன்குடிக் கருப்பட்டி. அதன்மேல் மாசி மீன். கருங்கல் மாதிரி இருக்கும் அந்தத் துண்டுகளை உடைக்க ஒரு சின்ன உரல் வேண்டும் என்று அக்கா சொல்ல, உரலும் போய் உட்கார்ந்தது. வார்டனுக்குக் கொடுக்க தூத்துக்குடி மக்ரூன், என் பங்கு. அது மேலே இருக்க வேண்டும், கீழே வைத்தால் ஊர் போய்ச் சேரும்போது முந்திரி மாவாக இருக்கும். உவரி அந்தோணியார் கோயில் எண்ணெய் ஒரு குப்பி.

இதற்கெல்லாம் நடுவில் கருவாடு. பிள்ளை வேண்டாம் என்று கெஞ்சினாள். ஏசி ரூம் ஆச்சி, வெளிய காத்து போகாது, மத்த பிள்ளைக இருக்காங்க என்றாள். ஆச்சி அதைக் கொள்கை மறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, தொழில்நுட்பப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டாள். வாசனை வெளியே வரக்கூடாது, அவ்வளவுதானே? நெத்திலியை இன்னொரு நாள் வெயிலில் போட்டாள். தலை கிள்ளினாள். மண் போகப் புடைத்தாள். தினத்தந்தியில் சுற்றி, அதைக் காய்ந்த வாழைச்சருகில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு வாயை மெழுகுதிரியில் உருக்கி ஒட்டி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் திணித்து, மூடியைச் சுற்றி செல்லோடேப் ஒட்டினாள். பாட்டிலைப் பழைய சேலைத் துணியில் பொதிந்தாள். கடைசியில் மோந்து பார்க்கும்படி என்னிடம் நீட்டினாள். வாசனை இல்லை என்று சொன்னேன். பிள்ளை ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தாள்.

பெட்டியைக் கட்டியது அத்தான். கடையில் புதுசாக வாங்கி வந்திருந்த பச்சை நைலான் கயிறு. படகை நங்கூரத்தில் போடும்போது எப்படிக் கட்டுவாரோ அப்படியே கட்டினார். நெடுக்கில் இரண்டு, குறுக்கில் மூன்று, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு. காலைப் பெட்டியில் ஊன்றி இழுத்து இறுக்கி, பல்லால் கடித்து ஒரு சுண்டு. புயலில் போட்டாலும் அந்தப் பெட்டி பிரியாது. எங்கள் கவலையே அதுதான் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

கொண்டுவிட ஒன்பது பேர் தயாராக இருந்தார்கள். மூன்று டிக்கெட்தான் இருந்தது. மீன்பாடு நன்றாக இருந்த நேரம், அத்தான் சென்னை வரைக்கும் வரவில்லை. பிள்ளையோடு அக்காவும் நானும் போனோம். தூத்துக்குடி ஸ்டேஷனில் அத்தான் மகளிடம் சொன்னது மூன்று வார்த்தை: "சாப்பிடு. போன் எடு." எண்ணிப் பார்த்தால் மூன்று. அக்கா விழுப்புரம் வரைக்கும் அழுதாள். பிள்ளை மேல் பெர்த்தில் தூங்கினாள். ஆள் கடலுக்குப் போய் ராத்திரி முழுக்கப் போன் எடுக்காமல் கிடக்க, கல்யாணமான நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அக்கா. அதை நான் சொன்னேன். "அவுங்க கடல்ல இருக்காங்க, எங்க போயிருவாங்க? இவ மெட்ராஸ்லல்லா இருக்கப் போறா" என்றாள்.

எழும்பூரில் ஆட்டோவில் பெட்டியை ஏற்றியதும் டிரைவர் மூக்கை உறிஞ்சிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "என்னக்கா, காசிமேடா?" என்றார். ஹார்லிக்ஸ் பாட்டில் தன் கடமையைச் செய்யவில்லை என்று தெரிந்தது. அக்கா கோபப்படுவாள் என்று பார்த்தால், முதல்முறையாக முகம் மலர்ந்து, "இல்ல தம்பி, பெரியதாழை" என்றாள். ஊர்ப் பேரைச் சொல்ல யாரோ ஒருத்தர் கேட்டார்களே என்ற சந்தோசம்.

விடுதி வாசலில் விதிகள் எழுதிய பலகை இருந்தது. அறையில் சமைக்கக் கூடாது. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வரக் கூடாது. வெளியாட்கள் கூடாது. செல்லப் பிராணிகள் கூடாது. அக்கா மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்துவிட்டு, "கருவாடு போடலை" என்றாள். மேலே வரை எங்களை விடவில்லை. வரவேற்பறையிலேயே மக்ரூனை எடுத்து வார்டனிடம் கொடுத்துவிடலாம் என்று பெட்டியைத் திறக்கப் பார்த்தோம். அப்போதுதான் அத்தானின் முடிச்சுகள் தங்கள் வேலையைக் காட்டின.

நான் பார்த்தேன். வாட்ச்மேன் பார்த்தார். உவரிப் பிள்ளை இறங்கி வந்து பார்த்தது. அது கடற்கரைப் பிள்ளைதான், ஆனால் அப்பா வங்கியில் வேலை. அறைத்தோழிகளில் தேனிக்காரப் பெண் ஒரு கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். அக்கா வீடியோ கால் போட்டாள். மறுபக்கம் அத்தான் தூண்டில் வளைவுப் பக்கம் நிற்கிறார். பின்னால் ஏலச் சத்தம், காற்று. படத்தில் கத்தரிக்கோலைக் கண்டதும் அவர் போட்ட கூச்சலில் கரையில் ஏலமே நின்றிருக்கும்.

"அறுத்துராத! ஏட்டி, அறுத்துராத! புதுக் கயிறு!"

"அப்பா, அவுக்க வரலைப்பா."

"கண்ணிக்குள்ள விரலை விடு. அந்தப் பக்கம் இல்ல, கடப்பக்கம்."

"இங்க கடப்பக்கம் எதுப்பா?"

இதற்கு யாரிடமும் பதில் இல்லை. வாட்ச்மேன் கிழக்கே கையைக் காட்டினார். பெட்டியைத் திருப்பி வைத்துப் பார்த்தோம், அவிழவில்லை. அப்போது அறைத்தோழிகளில் இன்னொருத்தி, தமிழ் சுத்தமாகத் தெரியாத ஆந்திராக்காரப் பெண், எங்களை ஒதுங்கச் சொல்லி உட்கார்ந்தாள். முடிச்சை ஒரு பார்வை பார்த்தாள். கட்டைவிரலால் உள்ளே அமுக்கி, ஒரு நுனியைப் பின்னுக்குத் தள்ளி, மறு நுனியை லேசாகச் சுண்டினாள். ஒன்று கழன்றது. அடுத்தது. வரிசையாக எல்லாம் கழன்று, கயிறு முழுசாக அவள் கையில் வந்தது. மூக்கைச் சுளிக்காமல் சேலைத் துணியைப் பிரித்து, பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, தெலுங்கில் ஏதோ சந்தோசமாகச் சொன்னாள்.

"யாரும்மா அந்தப் பிள்ள?" என்று அத்தான் போனுக்குள்ளிருந்து கேட்டார்.

மசூலிப்பட்டினம். அப்பா கடலுக்குப் போகிறவர். அத்தான் இதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தப் பெண்ணைத் திரையில் காட்டச் சொல்லி, எந்த மொழியிலும் சேராத ஒரு கும்பிடு போட்டார். பிறகு மகளிடம், "கயிறைச் சுத்தி பத்திரமா வை. கிறிஸ்மஸுக்கு வரும்போது மறக்காமக் கொண்டு வந்துரு" என்று சொல்லிவிட்டு ஏலத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் திண்ணையில் கூட்டம். நானும் போயிருந்தேன். பெரியப்பா புதுக் காலண்டர் தாளில் மசூலிப்பட்டினத்துத் துறைமுகத்தை வரைந்துகொண்டிருந்தார். ஆச்சி அந்தப் பிள்ளைக்குச் சாளைக் கருவாடு பிடிக்குமா, நெத்திலிதானா என்று கேட்டுச் சொல்லும்படி என்னிடம் போனை நீட்டினாள். இந்தமுறை பாட்டிலுக்கு மேலே தார்ப்பாய் சுற்றலாம் என்பது கொழும்புத் தாத்தாவின் யோசனை.